இரவில் தனியாக இருக்கும் குடும்பத்துக்கு: ஷாட்கன்னா, கைத்துப்பாக்கியா?

இரவுப்பணி

வணக்கம். நானும் மனைவியும் அமெரிக்காவுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இருவரிடமும் கிரீன் கார்டு இருக்கிறது. சென்ற ஆண்டு நகரத்தை விட்டுத் தள்ளி, இரண்டு ஏக்கர் நிலத்தில் தரைத்தளம் மட்டும் கொண்ட பழைய வீடு ஒன்றை வாங்கினோம். அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. எனக்கு வாரத்தில் நான்கு நாள் இரவு வேலை. அந்த நான்கு இரவும் மனைவி, ஏழு வயது மகள், மாமியார் ஆகிய மூவர்தான் வீட்டில் இருப்பார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில் யாரோ பின்கதவின் கைப்பிடியைத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். மனைவி 911-ஐ அழைத்தாள். ஷெரிஃப் அலுவலக வண்டி வந்து சேர 34 நிமிடங்கள் ஆயின. வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். இவ்வளவு பெரிய பரப்புக்கு அன்றிரவு இரண்டே பேர்தான் பணியில் இருந்தார்களாம். அந்த நேரம் முழுவதும் மாமியாரின் தொலைபேசி வழியாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் பேசவில்லை. மாமியாரின் மூச்சு மட்டும் கேட்டது. வேலையிடத்தில் ஒரு சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தேன். இன்னமும் அந்தச் சுவர் கண்ணில் நிற்கிறது.

மறுநாளே பின்கதவை மாற்றினேன். கதவுச் சட்டத்தில் மூன்று அங்குலத் திருகாணிகளை இறக்கினேன். ஆள் நடமாட்டம் கண்டால் எரியும் விளக்குகளைச் சுற்றிலும் பொருத்தினேன். அடுத்ததாகத் துப்பாக்கி பற்றி யோசிக்கிறேன்: ஒரே வெடியில் பல குண்டுகளைப் பாய்ச்சும் நீளமான ஷாட்கன்னா, கைத்துப்பாக்கியா? கடைக்காரர் ஒருவர், “ஷாட்கன் வாங்குங்கள். குறி பார்க்கவே தேவையில்லை. தோட்டா ஏற்றும் பம்ப் பிடியை இழுக்கும் சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான்” என்றார். என்னோடு வேலை செய்யும் நண்பரோ, ஷாட்கன் பெண்களுக்குக் கனம், 9 மி.மீ. பிஸ்டல்தான் சரி என்கிறார்.

மனைவியின் உயரம் 152 செ.மீ. இடதுகைப் பழக்கம் உள்ளவள். எங்கள் படுக்கையறை நடைவழியின் ஒரு கோடியில் இருக்கிறது; மகளின் அறையும் மாமியாரின் அறையும் மறுகோடியில். நடைவழியின் நீளம் பதினோரு மீட்டர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாழ்வாரம்

ஷாட்கன்தான். தயங்க வேண்டாம். துணை அதிபராக இருந்தபோது ஜோ பைடனே 2013-இல் “ஷாட்கன் வாங்குங்கள்” என்றார். ஆபத்து என்றால் பால்கனிக்கு வந்து இரட்டைக்குழலை இரண்டு முறை வெடிக்கும்படி தன் மனைவிக்குச் சொல்லியிருப்பதாகவும் அப்போது சொன்னார்.

12 கேஜ் வாங்குங்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் உள்வட்டம்: 18.5 மி.மீ. ஒரே அழுத்தில் எட்டு ஒன்பது குண்டுகள் பாயும். கைத்துப்பாக்கி அதன் பக்கத்தில் நிற்காது. நான் இருபது ஆண்டுகளாக ரெமிங்டன் 870 என்ற பம்ப் ஷாட்கன் வைத்திருக்கிறேன், ஒருமுறை கூடச் சிக்கியதில்லை.

கொடிமலர்

இரவுப்பணி அவர்களுக்கு,

நான் ஒன்பது ஆண்டுகளாகப் புதியவர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுத் தருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். உங்கள் பதிவைப் படித்ததும் உறுத்தியது இதுதான்: கடைக்காரர் சொன்னது இருக்கிறது, நண்பர் சொன்னது இருக்கிறது, உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. அந்த இருட்டில் அதைக் கையில் எடுக்கப்போகிறவர் அவர். முதலில் அவரிடம் கேளுங்கள். “எனக்கு வேண்டாம்” என்று அவர் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. விருப்பமில்லாதவர் கையில் இருக்கும் துப்பாக்கி அவருக்கே ஆபத்து.

அவர் சம்மதித்தால் மேலே படியுங்கள்.

குறி பார்க்கத் தேவையில்லை என்று சொன்ன கடைக்கு மறுபடி போகாதீர்கள். எனக்கு இதில் மிகுந்த கோபம் உண்டு. இந்த ஒரு பொய்யை நம்பி வருபவர்களைத் திருத்தவே முதல் வகுப்பு கழிந்துவிடுகிறது. வீட்டுக்குள் நாலைந்து மீட்டர் தூரத்தில், மான் வேட்டைக்கான பெரிய பக்‌ஷாட் குண்டுகள் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுக்குத்தான் விரியும். சில வகைத் தோட்டாக்களில் அதுவும் இல்லை, ஒரே ஓட்டையாக விழும். மாணவர்களைச் சுடவைத்துவிட்டு, அட்டையில் விழுந்த ஓட்டையின் மேல் அவர்கள் கையையே வைத்துப் பார்க்கச் சொல்வேன். கை மூடிவிடும். குறி தவறினால் ஒன்பது குண்டும் சேர்ந்தே தவறும். தவறிய ஒவ்வொன்றும் 8.4 மி.மீ. பருமனுள்ள ஈயம், அது எங்கேயாவது போய்த்தான் நிற்கும்.

எங்கே போய் நிற்கும் என்பதுதான் உங்கள் வீட்டில் பெரிய கேள்வி. இங்கே வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் பலகைகள் இரண்டு, நடுவில் வெற்றிடம். பக்‌ஷாட் அதைத் துளைக்கும். 9 மி.மீ. தோட்டாவும் துளைக்கும். ஒன்றல்ல, அடுத்தடுத்த சுவர்களையும் தாண்டிப் போகும். சுவரைத் தாண்டாது என்று பறவை வேட்டைக்கான சிறு குண்டுகளைச் சிலர் சொல்வார்கள். மனிதனைத் தடுக்கும் ஆழத்துக்கு அவை போகாது என்பதை நினைவில் வையுங்கள். மயாமியில் 1986-இல் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் உயிரிழந்த மோதலுக்குப் பிறகு, உடல் தசையைப் போன்ற சோதனைக் கூழில் தோட்டா 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்பதை எஃப்.பி.ஐ. அளவுகோலாக்கியது. அந்த ஆழத்துக்குப் போகும் எதுவும் ஜிப்சம் பலகையையும் தாண்டும். ஆகவே எதை வாங்கினாலும், உங்கள் அறை வாசலில் நின்று நடைவழியை நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு உங்கள் மகளின் சுவரை நோக்கித்தான் போகும்.

எனவே துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முன் படுக்கையை மாற்றுங்கள். நீங்கள் இல்லாத நான்கு இரவும் மகளும் மாமியாரும் உங்கள் படுக்கையறையிலேயே தூங்கட்டும். அந்த அறைக்குக் கனமான கதவு போடுங்கள், உள்தாழ்ப்பாள் வையுங்கள். சத்தம் கேட்டால் யாரும் அந்தப் பதினோரு மீட்டரைக் கடக்க வேண்டியதில்லை. கதவைச் சாத்த வேண்டும், கட்டிலுக்குப் பின்னால் குனிய வேண்டும், 911-ஐ அழைத்துத் தொடர்பைத் துண்டிக்காமல் வைத்திருக்க வேண்டும். வீட்டைச் சுற்றித் தேடிப் போகவே கூடாது. பயிற்சி பெற்ற காவலர்களே தனியாளாக ஒரு வீட்டைச் சோதிக்கத் தயங்குவார்கள். தொலைக்காட்சிப் பெட்டி போனால் போகட்டும்.

இந்த மாற்றத்தைச் செய்தால் உங்கள் கேள்விக்கான விடையும் மாறிவிடும். நடைவழியைக் கடந்து குழந்தையைத் தூக்கிவர வேண்டும் என்றால் ஒரு கை காலியாக இருக்க வேண்டும், அங்கே கைத்துப்பாக்கிதான் ஒத்துவரும். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள ஷாட்கன்னை வைத்துக்கொண்டு கதவைத் திறக்கவும் முடியாது, பிள்ளையின் கையைப் பிடிக்கவும் முடியாது. எல்லோரும் ஒரே அறையில் இருந்து, மூடிய கதவை நோக்கிக் காத்திருப்பதானால் ஷாட்கன்னின் நீளம் குறையாகாது. தோள், கன்னம், இரண்டு கைகள் என்று நான்கு இடங்களில் உடலோடு பொருந்துவதால் புதியவர் அதை நிலையாகப் பிடிக்க முடிகிறது. கைத்துப்பாக்கியில் மணிக்கட்டு இம்மி அசைந்தாலும் ஐந்து மீட்டரில் குறி தவறும். பதினைந்து தோட்டாக்கள் கொள்ளும் என்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். முதல் இரண்டு சரியாகப் போகவேண்டுமே! அதற்கு மாதாமாதம் பயிற்சி வேண்டும், அதுவும் முதல் ஆண்டோடு நிறுத்தாமல்.

தாழ்வாரம் ஐயா சொன்ன 12 கேஜை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 152 செ.மீ. உயரமுள்ளவருக்கு 20 கேஜ் போதும். 15.6 மி.மீ. குழல், பின்னுதைப்பு தெளிவாகக் குறைவு, வீட்டுக்குள் அதன் பலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேஜைவிட முக்கியம், தோளில் பதியும் பின்கட்டையின் நீளம். கடையில் இருக்கும் ஷாட்கன்களில் விசையிலிருந்து பின்முனை வரை 14 அங்குலம் இருக்கும். அது ஆறடி ஆளுக்கான அளவு. உயரம் குறைந்தவர் அதைப் பிடித்தால் முன்கை எட்டாது, உடல் பின்னால் சாயும், பம்பை முழுவதுமாக இழுக்க முடியாமல் பாதியில் விட்டுவிடுவார், அடுத்த தோட்டா ஏறாது. இளையோருக்கென்று 12, 13 அங்குலக் கட்டைகள் கிடைக்கின்றன. அதை மாட்டிப் பாருங்கள், வேறு துப்பாக்கி போல் இருக்கும்.

இடதுகை என்பதையும் கவனியுங்கள். 870-இல் பாதுகாப்புப் பொத்தான் விசைக்குப் பின்னால் குறுக்கே இருக்கிறது, வலதுகைக்காரருக்கு ஏற்றபடி. 1961-இலிருந்து வரும் மாஸ்பெர்க் 500-இல் அது மேலே, கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது; எந்தக் கைக்கும் ஒன்றுதான். வெற்றுத் தோட்டா முகத்துக்கு முன்னால் பறப்பது பிடிக்கவில்லை என்றால் இதாக்கா 37 போலக் கீழ்வழியாகத் தள்ளுபவையும் உண்டு.

பம்ப் சத்தத்தில் ஓடுபவன் இருக்கலாம். ஓடாதவனுக்கு அந்தச் சத்தம் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிக் கொடுக்கும். பால்கனியில் நின்று எச்சரிக்கையாகச் சுடுவது பல இடங்களில் குற்றம். இரட்டைக்குழலில் இரண்டையும் வெடித்துவிட்டால் கையில் இருப்பது வெறும் தடி.

மேற்குவானம்

கொடிமலர் அம்மா விட்டுவிட்ட ஒன்றை நான் சொல்ல வேண்டும்.

என் மகன் வெளியூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். தேர்வு முடிந்து, சொல்லாமல் வந்து எங்களை மகிழ்விக்க நினைத்திருக்கிறான். நள்ளிரவு இரண்டு மணி. கார் நிறுத்தும் அறை வழியாக உள்ளே வந்தான். நான் கட்டிலருகே இருந்த பிஸ்டலை எடுத்துக்கொண்டு போனேன். விளக்கைப் போடவில்லை, போட்டால் வந்தவனுக்கு நான் தெரிந்துவிடுவேனே என்று நினைத்தேன். சமையலறை வாசலில் ஓர் உருவம் நின்றது, கையில் ஏதோ இருந்தது. என் விரல் விசையின் மேல் இருந்தது. அவன் இருமினான். சிறு வயதில் ஆஸ்துமா இருந்த பிள்ளை. அந்த இருமலோடு எத்தனையோ இரவுகள் விழித்திருக்கிறேன்.

கையில் இருந்தது அவன் துணிப்பை.

இது நடந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவன் வந்தபோது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இரவுப்பணி, நீங்கள் இரவு வேலைக்காரர். ஒரு நாள் உடம்பு முடியாமல் சீக்கிரம் வீடு திரும்புவீர்கள். அந்த நேரத்தில் உங்கள் மனைவி கதவை நோக்கி நின்றுகொண்டிருப்பார். ஆகவே மூன்று பழக்கங்களை எழுதி ஒட்டுங்கள். எதிர்பாராத நேரத்தில் வருபவர் வாசலிலேயே தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அறைக்குள் இருப்பவர், “யார் அது? போலீஸை அழைத்துவிட்டேன்” என்று உரக்கக் கேட்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் விரல் விசைக்குப் போகக் கூடாது. கட்டிலருகே கையில் பிடிக்கும் டார்ச் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். துப்பாக்கியில் பொருத்திய விளக்கு மட்டும் இருந்தால், யாரென்று பார்ப்பதற்கே குழலை அவர் மேல் நீட்ட வேண்டியிருக்கும்.

பனிமூட்டம்

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். துப்பாக்கிக் காயத்தோடு வருபவர்களை வாராவாரம் பார்க்கிறேன். வீட்டுக்குள் புகுந்த அந்நியனைச் சுட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறை. தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள், அப்பாவின் அலமாரியில் கண்டெடுத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல மனம் வரவில்லை. இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால், குழந்தை பிறந்தபின் வரும் சோர்வானாலும் சரி, முதியவரின் தனிமையானாலும் சரி, இப்போது வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் கொஞ்ச நாளைக்கு வெளியே கொடுத்து வையுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

ஏழு வயதுக் குழந்தைக்கு நீங்கள் ஒளித்துவைக்கும் இடம் தெரியாது என்று நம்பாதீர்கள். பண்டிகைக்கு வாங்கிய பரிசை எங்கே வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள் அல்லவா?

நீர்க்குமிழி

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா? என் உறவினர் குடியுரிமை பெற்றவர், அவர் பெயரில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

கொடிமலர்

நீர்க்குமிழி, தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள். கடையில் நிரப்பும் 4473 படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்றுதான் முதலில் கேட்கிறது. உங்களுக்காக வாங்கிவிட்டு ஆம் என்று அவர் எழுதினால் அவர் சிறைக்குப் போக நேரிடும், நீங்கள் இந்த நாட்டைவிட்டே போக நேரிடும்.

மேற்குவானம் ஐயா, உங்கள் பதிவை அச்செடுத்து அடுத்த வகுப்பில் படித்துக்காட்ட அனுமதி தருவீர்களா? உங்கள் மகனிடம் சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவனுக்கும் ஒரு நாள் வீடும் பிள்ளையும் வரும்.

மேற்குவானம்

படியுங்கள் அம்மா. மகன் விஷயத்தை யோசிக்கிறேன்.

இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன.

மனைவியிடம் கேட்டேன். “இதைக் கேட்க உங்களுக்கு இரண்டு மாதம் ஆனதா?” என்றாள். அவளாகவே பெண்களுக்கான வகுப்பு ஒன்றில் பெயர் கொடுத்தாள். நான்கு சனிக்கிழமைகள் போய்வந்தாள். பயிற்சியாளர் இரண்டையும் கையில் கொடுத்திருக்கிறார். ஐந்து மீட்டரில் 9 மி.மீ. பிஸ்டலால் சுட்ட பத்தில் நான்குதான் அட்டையில் விழுந்தன. 12.5 அங்குலக் கட்டை பொருத்திய 20 கேஜில் ஐந்துக்கு ஐந்தும் விழுந்தன. முதலில் நீளக்கட்டையோடு சுட்டபோது தோளில் கன்றிப்போனதை எனக்குக் காட்டவில்லை, மாமியார்தான் சொன்னார். இடதுகைக்காக மாஸ்பெர்க்கையே எடுத்தோம்.

அறைகளை முதல் வாரத்திலேயே மாற்றிவிட்டோம். நான் இல்லாத இரவுகளில் மூவரும் ஒரே அறையில்தான். மகளுக்கு அது திருவிழாவாக இருக்கிறது. கதவையும் மாற்றினேன். இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். முதல் முறை 911-ஐ அழைக்க வேண்டிய தொலைபேசி சமையலறையில் சார்ஜில் கிடந்தது. இப்போது அதற்கென்று கட்டிலருகே ஒரு கம்பி வைத்திருக்கிறோம். நான் வேலையிலிருந்து வரும்போது வாசலில் நின்று அழைத்துவிட்டுத்தான் சாவியைப் போடுகிறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. சுவரில் பதிக்கும் நீளமான பெட்டகம் வாங்கியிருக்கிறோம், எண்களை அழுத்தித் திறப்பது. உள்ளே எந்த நிலையில் வைப்பது? மாமியாருக்கும் எண் தெரிந்திருக்க வேண்டுமா?

கொடிமலர்

உங்கள் மனைவிக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். நான்கு வகுப்புகளுக்கும் போனது பெரிய காரியம்.

தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசின் குழலில் தோட்டாக்கள் இருக்கட்டும், சுடும் அறை (சுடப்போகும் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) காலியாக இருக்கட்டும். பம்ப் ஷாட்கன்களில் பாதுகாப்புப் பொத்தான் பெரும்பாலும் விசையை மட்டும்தான் தடுக்கிறது. சுடும் அறையில் தோட்டாவோடு கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்புண்டு. சுடும் அறை காலியாக இருக்கையில் விசையை அழுத்தி விட்டு வைத்தால், எடுத்ததும் பம்பை நேராக இழுக்கலாம், பொத்தானைத் தேட வேண்டியதில்லை. இதைப் பெட்டகத்தருகே செய்து பழகாதீர்கள். சுடுதளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது பழகுங்கள். வீட்டுக்குள் அதன் சத்தம் 150 டெசிபெல்லைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே வெடிச் சத்தமும் செவியைக் கெடுக்கும். பெட்டகத்துக்குள் காது மூடிகள் மூன்று வையுங்கள், மகளுக்குச் சிறியது.

எண் உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். சுடக் கற்றுக்கொள்ளாத மாமியாருக்கு வேண்டாம். தொலைபேசியும் குழந்தையும் அவர் பொறுப்பு. பெட்டகத்தின் பேட்டரியை ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள், மாற்றுச்சாவியை வீட்டுக்கு வெளியே வையுங்கள். எண்ணாக மகளின் பிறந்தநாளை மட்டும் வைத்துவிடாதீர்கள். அவள் முதலில் அழுத்திப் பார்ப்பது அதைத்தான்.